சைனாடவுனில் பொரிந்த சீரகம்

இந்த மன்றத்தில் சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். சீரகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தயாரிப்பாளர் கொஞ்சம் தயங்கினார். “சமையல் நிகழ்ச்சி வேறு நாளில் வருகிறது, ஐயா” என்றார். நான் சமையல் குறிப்பு சொல்லவரவில்லை. சொல்லப்போவது ஒரு தெருவின் கதை. அதை எனக்கு நினைவுபடுத்தியது சீரகம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, பகோடா ஸ்திரீட் வழியாகப் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று எங்கள் வீட்டு அடுப்படி வாசனை. பொரிந்த சீரகம்! சைனாடவுனில் யார் ரசம் தாளிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால், ஒரு வடசீனச் சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மாள் கம்பியில் கோத்த ஆட்டிறைச்சியை நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார். அதன்மேல் கை நிறைய எதையோ தூவினார். தூளில்லை. முழு முழுச் சீரகம். “ஆன்ட்டி, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில் கேட்டேன். “ஸிரான்” என்றார். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

சீரகம், ஸிரான். இது தற்செயலா?

தற்செயல் இல்லை. வடமொழியில் ஜீரகம், இந்தியில் ஜீரா, பாரசீகத்தில் ஸீரா. பாரசீகத்திலிருந்து மத்திய ஆசியாவுக்குப் போன சொல்லை உஸ்பெக் மக்கள் இன்றும் ஸிரா என்கிறார்கள். அவர்களுடைய புலாவில் முழுச் சீரகம் இல்லாவிட்டால் அது புலாவே இல்லை. அங்கிருந்து உய்கூர் மக்கள் வழியாகச் சீனத்துக்குள் நுழைந்ததுதான் இந்த ‘ஸிரான்’. அதே குடும்பத்துச் சொல் தெற்கே இறங்கி நம்மிடம் வந்தபோது சீரகம் ஆனது. ‘சீர் அகம்’, அதாவது அகத்தைச் சீராக்குவது சீரகம் என்று நம் பெரியவர்கள் பிரித்துச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வயிற்றுக்கும் அது உண்மைதான். ஆனால் சொல்லின் பிறப்பு அதுவல்ல. வந்த சொல்லுக்கு நாம் போட்டுவிட்ட வீட்டுப் பெயர் அது.

ஆக, ஒரே சொல் இரண்டு வழியாகப் புறப்பட்டது. ஒன்று பாலைவனச் சாலையில் கிழக்கே போனது. மற்றொன்று தெற்கே வந்து கப்பலேறியது. இரண்டும் சந்தித்த இடம் நம்முடைய சைனாடவுன். அதில் முதலில் வந்து சேர்ந்தது எது என்று கேட்டால், நம்முடையதுதான். அதுவும் ஏறக்குறைய 170 ஆண்டுகள் முன்னதாக! இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

முதலில் சீரகத்தைப் பற்றி ஓர் உண்மை. எந்தத் தமிழ் வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாலும் கடுகுக்குப் பக்கத்தில் சீரகம் இருக்கும். ஆனால் இன்றும் அது தமிழ்நாட்டில் வணிக அளவில் விளைவதில்லை. குளிர்ந்த, வறண்ட பருவம் அதற்கு வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் செடிக்கு நோய் வந்துவிடும். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் அக்டோபர், நவம்பரில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை செய்கிறார்கள். குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் உள்ள ஊஞ்சா என்ற ஊர்தான் அதற்குப் பெரிய சந்தை. அங்கே விலை ஏறினால் நம் தேக்கா மளிகைக் கடையில் பொட்டலம் இளைத்துவிடும்.

அப்படியென்றால் நம் ரசத்தில் சீரகம் எப்படி வந்தது? வாங்கித்தான் வந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், இறைவனுக்குப் படைக்கும் அமுதுக்கான பொருள்களின் பட்டியலில் மிளகு, கடுகு, புளியோடு சீரகமும் இடம்பெறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கோயில் மடைப்பள்ளியில் அளந்து போடும் பொருளாக அது இருந்திருக்கிறது. உலகக் கணக்கில் பார்த்தால் இன்னும் பழையது. சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர்கள் களிமண் பலகையில் எழுதிவைத்த சமையல் குறிப்புகளில் சீரகம் வருகிறது. அந்தப் பலகைகள் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றதும் எல்லாரும் சிராங்கூன் சாலைக்குப் போய்விடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளையும் அங்கேதான் அழைத்துப் போகிறோம். அது பிந்திய அத்தியாயம். முதல் அத்தியாயம் எழுதப்பட்டது சிங்கப்பூர் ஆற்றின் தென்கரையில், இன்று நாம் சைனாடவுன் என்றும் ராஃபிள்ஸ் பிளேஸ் என்றும் சொல்லும் பகுதியில்.

1819ஆம் ஆண்டு மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை இங்கே வந்தபோது, பினாங்கிலிருந்து அதே கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை வைத்தார், துணிக்கடை வைத்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மரமும் அத்தாப்புக் கூரையுமாக அவர் எழுப்பிய கோயில்தான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில். அதற்குச் சில அடிகள் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா சூலியா பள்ளிவாசல். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், அன்றைய கடற்கரையை ஒட்டியே, நாகூர் தர்காவும் அல் அப்ரார் பள்ளிவாசலும். 1822ஆம் ஆண்டு நகரத் திட்ட வரைபடத்தில் ஆற்றங்கரையில் ‘சூலியா கம்போங்’ என்றே ஒரு பகுதி குறிக்கப்பட்டிருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கிகள். அதனால் தமிழர் வாயில் அது செட்டித் தெரு.

பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட் என்ற மூன்று பெயர்களையும் சற்றே யோசித்துப் பாருங்கள். சைனாடவுனின் நடுமையத்துத் தெருக்கள் அவை. பகோடா என்றால் சீனக் கோபுரம் என்று சுற்றுப்பயணிகள் நினைத்துக்கொள்கிறார்கள். அது நம் மாரியம்மன் கோயில் கோபுரம். டெம்பிள் என்பதும் அதே கோயில்தான். மாஸ்க் என்பது சூலியாக்களின் பள்ளிவாசல்.

இத்தனை பேர் இருந்தால் இத்தனை அடுப்புகளும் இருந்திருக்கும் அல்லவா? கப்பலிலிருந்து இறங்கி, வேலை கிடைக்கும் வரை தங்க இடமில்லாதவர்களுக்கு மாரியம்மன் கோயில் நிழல் கொடுத்தது. கிட்டங்கியில் பெட்டியடிக்குப் பின்னால் பொதுச் சமையல். படகுத்துறையில் சரக்குப் படகு ஓட்டிய சூலியாக்களுக்கும் சோறு வேண்டும். இந்த அடுப்படிகளில் யாரும் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் ரசம் கொதித்த இடத்திலும், ஆட்டுக்கறிச் சூப்பு கொதித்த இடத்திலும் சீரகம் இல்லை என்று சொல்ல, தமிழ் வீட்டில் சாப்பிட்ட எவருக்கும் மனம் வராது.

அது முழுச் சீரகமாகத்தான் வந்திருக்கும். காரணம் எளிது. நாம் விதை என்று சொல்லும் சீரகம் உண்மையில் ஒரு சின்னக் காய். கொத்தமல்லிக்கும் சோம்புக்கும் உறவு. அதன் முதுகில் ஓடும் வரிகளை ஒட்டி நுண்ணிய எண்ணெய்க் குழாய்கள் இருக்கின்றன. வாசனை அத்தனையும் அந்த எண்ணெயில்தான். நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் இருக்கும். தோல் உடையாதவரை அது உள்ளேயே கிடக்கும். ஈரம் படாமல் வைத்தால் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். பொடித்துவிட்டால் சில மாதங்களில் பறந்துவிடும். பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் வந்து, இந்த ஊர்ப் புழுக்கத்தில் கோணிப்பையில் கிடக்க வேண்டிய பொருளை எந்த வணிகனும் பொடியாக அனுப்பமாட்டான். பிற்காலத்தில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த எங்கள் பாட்டியும் துணி முடிச்சில் முழுச் சீரகத்தைத்தான் கொண்டுவந்தார். அந்த முடிச்சு அவிழ்க்கப்பட்ட கதையை எங்கள் வீட்டில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சீரகத்தின் அளவு கொஞ்சம் கூடும்.

அந்த எண்ணெய் தண்ணீரில் நன்றாகக் கரையாது, கொழுப்பில் கரையும். இதை வேதியியல் படிக்காமலே கண்டுபிடித்த முறைதான் தாளிப்பு. எண்ணெய் காய்ந்ததும் கடுகு. அது வெடித்து அடங்கும் நேரத்தில் சீரகம். கடுகு வெடிக்கும், சீரகம் வெடிக்காது. சுற்றிலும் நுரைத்து, ஒரு சாயல் சிவக்கும். பத்து நொடி தாமதித்தால் கருகிக் கசந்துவிடும். பாட்டி கையில் கடிகாரம் இருந்ததில்லை. மூக்குதான்.

இப்போது பக்கத்து வீடுகளைப் பார்ப்போம். சிங்கப்பூர்ச் சமையலில் சீரகம் எல்லா இனத்தாரிடமும் இருக்கிறது. மலாய்க்காரர்கள் ஜிந்தான் பூத்தே என்பார்கள். ஆனால் அவர்கள் எண்ணெயில் முழுசாகப் போடுவது பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ என்ற நான்கைத்தான். ‘உடன்பிறந்தார் நால்வர்’ என்று அதற்குப் பெயரே உண்டு. அந்த நால்வரில் சீரகம் இல்லை. மல்லி, சோம்போடு சேர்ந்து அது அரைபட்டுப் போகும். சாத்தே இறைச்சியில் ஊறியிருப்பது அந்த மூன்றும்தான். தியோச்சூ மக்கள் அந்த சாத்தேயின் குழம்பை பீஹூன் மீது ஊற்றி சாத்தே பீஹூன் ஆக்கினார்கள். பெரானாக்கான் அம்மாக்கள் ரெம்பாவில் அரைத்தார்கள். வெள்ளைக்காரன் டப்பாவில் அடைத்துக் கறித்தூள் என்றான். எல்லாவற்றிலும் சீரகம் உண்டு. எதிலும் கண்ணுக்குத் தெரியாது.

தூளாகிவிட்டால் யாருடையது என்று சொல்ல முடியாது. நல்லதுதான். சாப்பாடு அப்படித்தான் ஊர் சுற்ற வேண்டும். ஆனால் வரலாறு பேசுகிறவனுக்குக் கண்ணால் பார்க்கிற சாட்சி வேண்டியிருக்கிறது. ஒரு தட்டில் முழுச் சீரகம் கிடந்தால், இங்கே யாரோ தாளித்திருக்கிறார்கள், அல்லது நெய்யில் மிளகோடு வறுத்துப் பொங்கலில் கொட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். தட்டில் கிடக்கும் கல்வெட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, முறுக்கு. மாவில் முழுச் சீரகம் கலந்து பிழிந்த முறுக்கைக் கச்சான் பூத்தே விற்ற நம் தமிழர்கள் தலையில் தட்டு வைத்தும், பிறகு வண்டியிலும் கொண்டுபோய்த் திரையரங்கு வாசல்களில் விற்றார்கள். காகிதச் சுருளில் அதை வாங்கி, சீனப் படம் பார்த்துக்கொண்டே கொறித்த சீனப் பிள்ளைகள் எத்தனை பேர்! இன்றைக்கு 60, 70 வயதில் இருக்கும் என் சீன நண்பர்கள் ‘முருக்கு’ என்று தங்கள் சொல் போலவே சொல்கிறார்கள். சைனாடவுன் மக்களின் பல்லில் நம் முழுச் சீரகம் சிக்கியது அந்த வழியாகத்தான்.

இனி, கொஞ்சம் வருத்தமான பகுதி. அந்தப் பழைய தமிழ்ச் சைனாடவுன் என்ன ஆயிற்று? மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் 1970களில் நகர மறுசீரமைப்பில் போய்விட்டன. அந்த இடத்தில் உயரமான வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. குடும்பங்கள் வீவக வீடுகளுக்குப் போயின. மாரியம்மன் கோயில் 1973இலும், சூலியா பள்ளிவாசல், நாகூர் தர்கா, அல் அப்ரார் மூன்றும் 1974இலும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டதால் கட்டடங்கள் நின்றன. 1989இல் சைனாடவுனும் லிட்டில் இந்தியாவும் தனித்தனிப் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. கட்டடங்களைக் காப்பாற்றிய நல்ல வேலை அது. ஆனால் பெயர்ப் பலகை மனத்தில் ஒரு கோடு போட்டுவிட்டது. சீனருக்கு இது, இந்தியருக்கு அது. என் பேத்தி மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, “தாத்தா, சைனாடவுன்ல ஏன் நம்ம கோயில் கட்டினாங்க?” என்று கேட்டாள். கேள்வியே தலைகீழ். கோயில் கட்டியபோது ‘சைனாடவுன்’ என்ற பலகை அங்கே இல்லையே, கண்ணு.

அடுப்படியிலும் இதே கதை நடக்கிறது. இப்போதெல்லாம் பொட்டலத் தூள்தான். நேரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். காலை 6 மணிக்கு எம்ஆர்டி பிடிக்கிறவரிடம் அம்மியில் அரை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பொருளையே அடையாளம் தெரியாமல் போவதை என்ன சொல்ல? என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பேரங்காடிக்குப் போய், உறையில் ‘ஜிந்தான்’ என்று பார்த்துவிட்டு வாங்கிவந்தாள். அது ஜிந்தான் மானிஸ், அதாவது சோம்பு. அன்றைக்கு வைத்த ரசம் வெற்றிலைப் பாக்குக் கடை வாசனை அடித்தது. அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. மலாயில் சீரகம் ஜிந்தான் பூத்தே, சோம்பு ஜிந்தான் மானிஸ், கருஞ்சீரகம் ஜிந்தான் ஹீத்தாம். தமிழிலும் குழப்பம் இல்லாமல் இல்லை. சோம்புக்குப் பெருஞ்சீரகம் என்று பெயர். யாழ்ப்பாணத்தார் நம் சீரகத்தை நற்சீரகம் என்று திருத்தமாகச் சொல்வார்கள். சோம்பு கொஞ்சம் பருமன், பச்சை கலந்தது, இனிக்கும். சீரகம் மெலிந்தது, பழுப்பு, லேசாகக் கசக்கும். முழுசாக இருந்தால் பார்த்தே சொல்லிவிடலாம். தூளாக இருந்தால் உறையை நம்பத்தான் வேண்டும்.

உறையை நம்புவதிலும் சிக்கல் உண்டு. 2014 டிசம்பரிலும் 2015 தொடக்கத்திலும் அமெரிக்காவில் சீரகத்தூள் சேர்ந்த ஏராளமான பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உறையில் சொல்லாத வேர்க்கடலை அந்தத் தூளில் கலந்திருந்தது. கடலை ஒவ்வாதவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அரைத்த சீரகம் சேர்ந்த பொருள்களைத் தவிர்க்குமாறு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே அவர்களுக்கு அறிவுரை சொன்னது. முழுச் சீரகத்தில் கலப்படமே செய்ய முடியாது என்று சொல்லவில்லை, புல் விதைக்குச் சாயம் பூசுகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது உள்ளங்கையில் தேய்த்தால் தெரிந்துவிடும். சாயம் கையில் ஒட்டும், வாசனை இருக்காது.

மறுபடியும் அந்த வடசீனக் கடைக்கு வருகிறேன். பழைய சைனாடவுன் சீனர்கள் ஹொக்கியன், தியோச்சூ, கான்டனீஸ் என்று பெரும்பாலும் தென்சீனக் கரையைச் சேர்ந்தவர்கள். முழுச் சீரகம் அவர்கள் பழக்கமல்ல. இத்தனைக்கும் ஹொக்கியன் மக்களின் ஃபூஜியன் மாநிலத்திலேயே, குவான்சோ துறைமுகத்தில், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள். கோயில் கட்டியவர்கள் ரசம் வைக்காமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அந்த வாசனை அங்கே தங்கவில்லை. 1990களுக்குப் பிறகு சீனாவின் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் புதியவர்கள் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியபோதுதான், பாலைவனச் சாலை வழியாகப் போன அந்த இன்னொரு சீரகம் சைனாடவுனில் கால்வைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. 2023இல் ஊஞ்சா சந்தையில் சீரகம் இதுவரை காணாத விலைக்குப் போனது. குவிண்டாலுக்கு 50,000 ரூபாயைத் தாண்டியது. பருவம் தப்பிய மழை, குறைந்த விளைச்சல், அத்தோடு சீனா நிறைய வாங்கியதும் ஒரு காரணம் என்றார்கள். தேக்காவில் நம் வீட்டம்மாக்கள் விலையைப் பார்த்து முகம் சுளித்தபோது, சைனாடவுனில் அந்த ஆன்ட்டியும் சுளித்திருப்பார்.

போன வாரம் மறுபடியும் போயிருந்தேன். பழகிவிட்டதால் உள்ளே அழைத்துப் பொட்டலத்தைக் காட்டினார். பின்பக்கம் சின்ன எழுத்தில், இந்தியாவில் விளைந்தது என்று அச்சிட்டிருந்தது. அவருக்கு அது தெரியாது. சீனாவிலிருந்து வருகிறது என்றே நினைத்திருந்தார். அவர் சீரகத்தை வெறும் வாணலியில் வறுத்துத் தூவுகிறார். நாங்கள் காய்ந்த எண்ணெயில் போடுவோம், கடுகு வெடித்த பிறகு என்று கையால் காட்டிச் சொன்னேன். கடுகு என்பதற்கு எனக்கு மாண்டரினில் சொல் தெரியவில்லை. “டப், டப்” என்று வாயால் வெடித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு கரண்டி எண்ணெயை அடுப்பில் வைத்து, “எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.